நெட்டி மாலை வந்த வழி

போகிக்கு முந்தின நாள் கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு மாலையைக் கையில் வாங்கிய என் மகள், அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, இது பஞ்சா, கட்டையா?”

சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ரோஸும் மாறி மாறிக் கோத்த நெட்டி மாலை. கைக்கு நிறைவாக இருக்கிறது, ஆனால் எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பிடிபடவில்லை. பார்க்கப் பூ மாதிரி இருக்கிறது, வாசனை இல்லை. விரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போகிறது. கூட்டம் ஒரு பக்கம் நெருக்க, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். அன்று நின்று சொல்லியிருக்க வேண்டிய பதில் நீளமானது. அதை இங்கே எழுதுகிறேன்.

கட்டைதான். உலகத்திலேயே மிக லேசான கட்டைகளில் ஒன்று.

நெட்டி தண்ணீரில் வளரும் செடி. கிடை, கிடைச்சி என்று பழைய பெயர்களும் அதற்கு உண்டு. அவரை, உளுந்தெல்லாம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம்தான். சின்னதாய் மஞ்சள் பூ பூக்கும். காய் கணுக்கணுவாக ஒடியும். இலையைத் தொட்டால் மெல்ல மடங்கும். தாவரவியலார் இந்த இனத்துக்கு ஈஸ்கினோமினி என்று பெயர் வைத்ததற்கும் அதுதான் காரணம். வெட்கப்படுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பயறுச் செடிகளின் வேர் முடிச்சைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நெட்டிக்குத் தண்டிலும் முடிச்சு உண்டு. காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கும் நுண்ணுயிர்கள் அந்த முடிச்சுகளில் குடியிருக்கின்றன. வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிகிறோம். மண்ணோடு மக்கினால் அது உரம்.

நெட்டித் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்கள், உள்ளே இருக்கும் வெள்ளையைத் தண்டின் நடுச்சோறு என்றுதான் நினைப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையான சோறு நடுவில் ஊசிமுனை அளவுக்குத்தான் இருக்கும். சுற்றியுள்ள வெள்ளை முழுக்க மரக்கட்டையே. மற்ற மரங்களில் கட்டை இறுகித் தடித்த சுவருள்ள உயிரணுக்களால் ஆகியிருக்கும். நெட்டியில் அந்தச் சுவர்கள் சவ்வு போல மெல்லியவை, உள்ளே வெறும் காற்று. தண்ணீருக்குள் நிற்கும் தண்டுக்கு மூச்சும் மிதப்பும் வேண்டும் என்பதற்காகச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. தண்ணீர் ஆழமாக நின்றால் தண்டு பருக்கும். கரையோரச் சேற்றில் முளைத்தது விரல் கனத்தோடு நின்றுவிடும்.

ஆகவே நெட்டி மாலையின் கதை குளத்தில் தொடங்குகிறது. காவிரி டெல்டாவில் குளத்தின் கதை மேட்டூரில் தொடங்குகிறது. ஜூன் 12 அன்று அணை திறந்தால், கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றிலும் அரசலாற்றிலும் புது ஆற்றிலும் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாக ஓடி வயலை நனைத்த தண்ணீரின் மிச்சம் குளத்துக்கு வரும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. தஞ்சாவூர், புதுக்கோட்டை வட்டாரத்து ஏரி குளங்களில் நெட்டி நெஞ்சுயரத்துக்கு நிற்பது அந்த மழையால்தான்.

அறுக்கப் போகிறவர்கள் தண்ணீருக்குள் இறங்கித்தான் அறுக்க வேண்டும். நல்ல பருமன் அடித்தண்டில்தான் இருக்கிறது. குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, காலால் தடவித் தூரைக் கண்டுபிடித்து அரிவாளைப் போட வேண்டும். அட்டை கடிக்கும், பாம்பும் இருக்கும். அறுத்ததைக் கட்டாகக் கட்டிவிட்டால் அந்தக் கட்டு தானே மிதக்கும், தள்ளிக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம். நெட்டி கொடுக்கும் ஒரே சலுகை அது. கரையேறிய பிறகு அதைக் காய வைப்பதுதான் பெரும்பாடு. அறுக்கும் காலமோ மழைக்காலம், ஆனால் தண்டு நன்றாகக் காய வேண்டும். ஈரம் தங்கினால் வெள்ளை போய் கறுத்துவிடும். கறுத்த நெட்டியில் சாயம் ஏறினாலும் நிறம் எடுக்காது. வெயில் எட்டிப் பார்த்தால் பரப்புவதும், தூறல் விழுந்தால் அள்ளிக்கொண்டு திண்ணைக்கு ஓடுவதுமாகப் போகும் அந்த வாரங்கள்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கன்பேட்டை இருக்கிறது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அது நாகஸ்வரம் செய்யும் ஊர். ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது நெட்டி மாலை ஊர். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் பொங்கலை நம்பியே இந்த மாலையைக் கட்டி வருகின்றன. தோலைச் சீவுவது, துண்டு போடுவது, சாயத்தில் முக்குவது, உலர்த்துவது, கோப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

தோல் என்பது மெல்லிய பழுப்புச் சவ்வுதான். அதைச் சீவினால் உள்ளே பளிச்சென்று வெள்ளை. கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி நெட்டியை வெட்டாது, நசுக்கிவிடும். நசுங்கிய நெட்டி மறுபடி எழும்பாது. துண்டுகளைச் சாயத்தில் போட்டால், பஞ்சு எண்ணெயைக் குடிப்பது போலக் குடித்துக்கொள்ளும். பிறகு தாழை நாரில் கோப்பார்கள். வாய்க்கால் கரைத் தாழையின் நாரை ஊறவைத்துக் கிழித்தால், முறுக்கேறிய கயிறு போல இழுப்புக்குத் தாங்கும். குளத்துச் செடியும் கரைச் செடியும் சேர்ந்து ஒரு மாலை ஆகின்றன. பூமாலை கட்டுவதற்கு இருக்கிற நுணுக்கம் இதில் இல்லை என்று சிலர் சொல்வார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. ஈரத்தில் நிறத்தைப் பாதுகாத்து, மூன்று மாத வேலையைச் சரியாக ஒரு நாளுக்கு முடித்துக் கொடுப்பது பெரிய கெட்டிக்காரத்தனம். மாட்டுப் பொங்கல் போய்விட்டால் மறுநாள் அந்த மாலையை வாங்க ஆளில்லை.

நான் பிறந்தது வெண்ணாற்றுக் கரையில். எங்கள் ஊருக்கு மாலை சைக்கிளில் வரும். பின் கேரியரில் மூங்கில் கழியை நிறுத்தி, அதில் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வருவார். தூரத்தில் பனியோடு பார்த்தால் ஆள் தெரியாது, வண்ணம் மட்டும் நடந்து வருவது போல் இருக்கும். அப்பாயி குதிரிலிருந்து நெல்லைப் படியால் அளந்து போட்டு மாலை வாங்குவார்கள். எத்தனை உருப்படி இருக்கிறதோ அத்தனை மாலை. கன்றுக்குட்டிக்குச் சின்னது ஒன்று. “அதுக்கு மட்டும் இல்லன்னா ஏங்கிப் போயிடும்டி” என்பார்கள். அறுந்து உதிர்ந்த துண்டுகளைச் சைக்கிள்காரர் எங்களுக்குச் சும்மா தருவார். அதற்காகத்தான் நாங்கள் தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடுவது.

அந்தத் துண்டுகளை வைத்து நாங்கள் செய்யாதது இல்லை. ஈர்க்குச்சியில் குத்தி வண்டிச் சக்கரம் செய்வோம். வேப்பங்குச்சியைச் செருகிக் கிளி செய்வோம். வாய்க்காலில் விட்டால் மூழ்கவே மூழ்காத படகு செய்வோம். மார்கழி முழுக்க வாசலில் சாண உருண்டையில் பூசணிப்பூ செருகிய கை, தையில் நெட்டிக்கு மாறும். குளிர் காலத்தில் பிள்ளைகளை என்ன செய்து பொழுதுபோக்க வைப்பது என்று யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அறுவடை முடிந்தும் முடியாமலும் வீடு வேலையால் நிறைந்திருக்கும். அந்த வேலையில் பிள்ளைக்கு என்று எப்போதும் ஓர் ஓரம் ஒதுக்கியிருப்பார்கள்.

அந்த ஓரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மாட்டுக் கொட்டகை வாசலில் குளம் கட்டுவது. மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானமே களிமண் பிசைந்து, சாண் உயரத்தில் கரை எழுப்பி, சதுரமாக ஒரு தெப்பக்குளம் கட்டுவோம். உள்ளே தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் பூ வைத்து, மாக்கோலம் இழுப்போம். சாயங்காலம் பொங்கிப் படைத்த பிறகு மாடுகள் அந்தக் குளத்தை மிதித்துத் தாண்டி வர வேண்டும். பாடுபட்டுக் கட்டியது ஒரு குளம்படியில் போய்விடும். ஆனாலும் அழுத பிள்ளை கிடையாது. மாடு மிதிப்பதற்காகக் கட்டியதுதானே.

காலையில் மாடுகளை வாய்க்காலுக்கு ஓட்டிப் போய் வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவது பெரியவர்கள் வேலை. வந்ததும் பழைய மூக்கணாங்கயிற்றையும் தும்பையும் கழற்றிப் புதுசு போடுவார்கள். கொம்புக்கு வர்ணம், நெற்றிக்கு மஞ்சள் குங்குமம். கடைசியில்தான் நெட்டி மாலை. அதை மட்டும் பிள்ளைகள் போடலாம். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் எக்கி நின்று கழுத்தில் போடுவேன். மாட்டின் மூச்சு முகத்தில் சுடும்.

டெல்டாவுக்கென்று ஒரு மாடு உண்டு, உம்பளச்சேரி. சேறு ஆழமான நஞ்சையில் அசராமல் உழுவதற்கு என்றே வாய்த்த நடுத்தர உடம்புக்காரன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை. கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கொருக்கையில் இந்த இனத்துக்காகவே அரசுக் கால்நடைப் பண்ணை நடக்கிறது. உம்பளச்சேரி உழவு மாட்டுக்குச் சின்ன வயதிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்தது. கொம்பில்லாத மாட்டுக்கு வர்ணம் பூச இடம் ஏது? அதன் அலங்காரம் முழுக்கக் கழுத்தில்தான். இந்தப் பக்கத்தில் நெட்டி மாலை இவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதே நெட்டிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. தஞ்சாவூர் நகரத்தில் நெட்டி வேலைக் கலைஞர்கள் அதன் வெள்ளைக் கட்டையைத் தாள் போல மெல்லிசாகச் சீவி, பெரிய கோயிலின் விமானத்தை அடுக்கு அடுக்காக எழுப்புவார்கள். பூ, பறவை, தாஜ்மகால், சாமி உருவம் எல்லாம் வரும். சாயம் பூசாத அந்த வெள்ளை தந்தம் போல இருக்கும், ஒரு யானையையும் கொல்லாத தந்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வரவேற்பறையில் நிறுத்துவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு வந்தது. நான் மகிழ்ந்த செய்தி அது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் போன நெட்டிக்குக் கிடைத்த பெயர், மாட்டுக் கழுத்துக்குப் போகும் நெட்டிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வங்காளத்தில் இதற்கு ஷோலா என்று பெயர். மாலாகார் எனப்படும் கைவினைஞர்கள் துர்க்கையின் நகைகளையும், மாப்பிள்ளை தலையில் வைக்கும் டோபர் கிரீடத்தையும் இதில்தான் செய்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பி இந்தக் கட்டையில் செய்ததே. வெயிலின் சூட்டை உள்ளே விடாதது அதன் குணம். இப்போது ஷோலா ரோஜாக்கள் கப்பலேறி அமெரிக்கா போகின்றன. கல்யாணப் பூச்செண்டுக்கும், பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கும் வாடாத பூ என்று அங்கே விற்கிறார்கள். நம் குளத்தில் நிற்கிற செடியின் உறவு ஒன்று, கடல் கடந்து யாரோ இருவரின் அன்புக்குச் சாட்சியாகப் போகிறது. கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்தத் தேதி எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாசி பிறந்து இரண்டாம் நாள். என் மகள் சிவப்புக் காகிதத்தில் இதயம் வெட்டக் கற்றுக்கொண்டு வந்து, வீட்டில் கிடைத்த காகிதத்தையெல்லாம் வெட்டித் தள்ளினாள். யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு, எனக்கு, ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு, அப்புறம் தாத்தா வீட்டுக் கன்றுக்குட்டிக்கு என்றாள். காகிதத்தைக் கட்டினால் கன்று தின்றுவிடுமே என்றேன். அவளே யோசித்துப் பரணிலிருந்த நெட்டியைக் கேட்டாள். பொங்கலுக்கு மாலையோடு சேர்த்து வாங்கிவந்த சாயமேறாத தண்டு நாலைந்து மிச்சம் இருந்தது.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், வீட்டில் பிள்ளை இருப்பவர்களுக்கு உதவும். வெட்டுவது பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், கத்தி அவ்வளவு கூர். விரல் கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்கினேன். கொஞ்சம் பருமனான தண்டிலிருந்து நெடுக்குவாட்டில் பலகை போலச் சீவி, அதில் அவள் பென்சிலால் இதயம் வரைய, நான் வெட்டினேன். கடைச் சாயப்பொடிக்குப் போகவில்லை. மஞ்சள் கரைத்த நீரில் முக்கினால் மஞ்சள். அதில் துளி சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு. அந்த நிறம் மாறும் கணத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் விடாதீர்கள். சுண்ணாம்பை மட்டும் நீங்கள் கலந்து, அவர்கள் கண்ணுக்குப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியதும் எடுத்துவிட வேண்டும், ஊறவிட்டால் உள்வரைக்கும் குடித்துக் காய நாளாகும். நிழலில் காய்ந்த பிறகு முனை மழுங்கிய ஊசியும் வாழை நாரும் போதும். கோப்பது முழுக்க அவள் வேலை. வரிசை தப்பினால் திருத்தாதீர்கள். தாத்தா வீட்டுக் கன்று அந்த வாரம் மஞ்சள் வில்லைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு இதயத்தோடு திரிந்தது.

இத்தனைக்கும் அடிப்படை அந்தக் குளம். அதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. காவிரியிலும் தண்ணீர் இல்லை. 2017 ஜனவரி 10 அன்று, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. குளம் வெடித்துக் கிடக்கும் வருஷத்தில் நெட்டி எங்கே பருக்கும்? மழை பெய்த வருஷங்களிலும் இடம் குறைகிறது. ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் நெட்டி முளைக்க வெளிச்சம் இல்லை. நெய்வேலிக் காட்டாமணக்கு வாய்க்கால்களை அடைக்கிறது, குளத்தையே தூர்த்து வீடு கட்டுகிறார்கள். வயலோரம் தப்பிய செடியைக் களைக்கொல்லி முடித்துவிடுகிறது.

அந்தப் பக்கம் மாடும் குறைந்துவிட்டது. உழவு டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் போன பிறகு, இருபது உருப்படி நின்ற கொட்டகையில் கறவை ஒன்றோ இரண்டோ நிற்கிறது. டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நெட்டி மாலை போடுகிறார்கள், அதில் தவறில்லை. உழைக்கிற எதற்கும் மாலை போடுவது நம் வழக்கம்தான். எனக்குக் கோபம் வருவது பிளாஸ்டிக் மாலையைப் பார்க்கும்போது. விலை மலிவு, வர்ணம் தூக்கல், அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பக்கத்து மாட்டின் கழுத்தில் தொங்குவதை இழுத்து மெல்லுவது மாட்டின் சுபாவம். வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் வெளியே வராது. வருஷத்தில் ஒரு நாள் நன்றி சொல்ல என்று கழுத்தில் போடுகிற பொருள் அதன் உயிருக்கே உலை வைக்கலாமா?

நெட்டி மாலை அப்படி நிலைப்பதில்லை. மாட்டுப் பொங்கல் முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழுத்தில் கிடக்கும். சாயம் வெளுக்கும், ஒவ்வொரு துண்டாக உதிரும். நார் அறுந்த பிறகு மிச்சத்தை அப்பாயி கூட்டி அள்ளிச் சாணத்தோடு குப்பைக்குழியில் போடுவார்கள். சித்திரையில் அந்தக் குழி எருவாகி வண்டியில் ஏறி வயலுக்குப் போகும். ஆனியில் தண்ணீர் வரும்.

வருகிற பொங்கலுக்குக் கடைத்தெருவில் நெட்டி மாலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். எடை இல்லாமல் இருக்க வேண்டும், நகத்தால் அமுக்கினால் உள்ளே போக வேண்டும், உள்ளே ஓடுவது நைலான் கயிறாக இல்லாமல் நாராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மாடு இல்லையென்றாலும் ஒன்று வாங்கி, மாடு இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையோடு கொண்டு போங்கள். பிள்ளை கையால் போடச் சொல்லுங்கள்.